கட்டிடத்துக்குக் காசுண்டு, ஆயாவுக்கு இல்லை

பெத்லகேமுக்கு வந்த கீழ்த்திசை ஞானிகள் பொன்னையும் தூபத்தையும் வெள்ளைப்போளத்தையும் குழந்தையின்முன் வைத்து வணங்கிவிட்டு, வேறு வழியாய்த் தம் நாடு திரும்பினர். ஆண்டிறுதியில் சூசையப்பரிடம் அவர்கள் பயனீட்டுச் சான்றிதழ் கேட்டதாக மத்தேயு எழுதவில்லை. பொன்னைக் கொண்டு அந்த வீட்டுக்குக் காரை பூசி, வாயிலில் மூவர் பெயரையும் கல்லில் வெட்டிவைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததாகவும் எழுதவில்லை. எகிப்துக்கு ஓடவேண்டியிருந்த குடும்பத்துக்கு அப்பொன் வழிச்செலவுக்கு ஆகியிருக்கும் என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அப்படியானால் கொடையின் பயனைத் தீர்மானித்தது அக்குடும்பத்தின் தேவையே. கொடுத்தவரின் விருப்பம் அன்று.

இதை நாம் இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. கோவளம் முதல் செய்யூர் வரையுள்ள கடற்கரையிலும், செங்கல்பட்டைச் சூழ்ந்த ஏரிக்கரை ஊர்களிலும், குழந்தைகளின் பெயராலும் இளைஞரின் பெயராலும் அறக்கட்டளைகளும் பெருநிறுவனங்களும் வழங்கிவரும் நிதியுதவி குறித்து நெடுநாள் மனத்தில் அடக்கிவைத்திருந்த சினம் நமக்கு உண்டு. அச்சினத்தில் ஒரு பங்கு கொடுப்பவர்மீது. பெரும்பங்கு கைநீட்டி வாங்கும் நம்மீதே.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். ஊரின் பெயர் வேண்டாம். கொடுத்தவர் பெயரும் வேண்டாம். அங்கே ஆழிப்பேரலைக்குப்பின் எழுந்த பால்வாடிக் கட்டிடம் ஒன்று இன்றும் உறுதியாக நிற்கிறது. சுவரில் யானையும் மயிலும் அகர வரிசையும் மங்கித் தெரிகின்றன. கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல் மட்டும் மங்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறது. சன்னல் வழியே பார்த்தால் உள்ளே வலைகள், மிதவைகள், பழுதான இரண்டு படகு எஞ்சின்கள். குழந்தைகள் எவரும் இல்லை.

அங்கே ஆசிரியையாக இருந்த பெண்மணியிடம் பேசினோம். மூன்றாண்டுத் திட்டம். மூன்றாம் ஆண்டின் இறுதியில் அலுவலகத்திலிருந்து வந்து, குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, ஆசிரியைக்குப் பொன்னாடை போர்த்தி, திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றது என்று சொல்லிப் போனார்களாம். அதற்குப்பின் நான்கு மாதங்கள் அவர் ஊதியமின்றியே கதவைத் திறந்தார். தாய்மார் ஆளுக்கு இருபது ரூபாயும், கிடைத்த நாளில் மீனும் கொடுத்தனர். பின்பு வீட்டுக் கடன் நெருக்கவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஓர் உணவு விடுதிக்கு வேலைக்குப் போய்விட்டார். கதவை மூடிய அன்று மீன்கூடையுடன் வந்து நின்ற தாய் ஒருத்தி கேட்டாளாம்: “எம்புள்ளைக்கே இன்னும் மூணு வயசு ஆவல. அதுக்குள்ள ஒங்க திட்டத்துக்கு வயசாயிடுச்சா, டீச்சரம்மா?”

இந்தக் கேள்விக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் நாம் விடை கண்டதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை இக்கரையில் நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. அன்று கடல் உள்வாங்கியபோது மாமல்லபுரத்தில் வெளிப்பட்ட கற்களைக் காண நாட்கணக்கில் செய்தியாளர் வந்தனர். சில கல் தொலைவில் வலையும் படகும் இழந்து நின்ற குப்பங்களுக்கு அத்தனை பேர் வரவில்லை என்பது வேறு கதை. ஆயினும் உதவி வந்தது; தாராளமாகவே வந்தது. வீடுகள் எழுந்தன, படகுகள் வந்தன. அவற்றைப் பழித்தால் நாக்கு அழுகும். அந்த நாட்களில் நம்மிடையே படிந்துவிட்ட ஒரு பழக்கத்தைத்தான் பழிக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே பணம் கேட்பது, அதற்கே பணம் கொடுப்பது, திறப்பு விழாவோடு கடமை தீர்ந்ததென எண்ணுவது. பேரிடருக்குப் பொருந்திய முறை அது. பிள்ளை வளர்ப்பு ஒரு பேரிடர் அன்றே!

அந்தப் பழக்கம் பிற்பாடு சட்டத்தின் துணையையும் பெற்றுக்கொண்டது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. 2014 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. மறைமலை நகரையும் மகிந்திரா உலக நகரையும் சிறுசேரியையும் மடியில் வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்கு இது நற்செய்தியே. ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளைப் பாருங்கள். ‘தொடர் திட்டம்’ என்பதற்கு அவை தரும் விளக்கம், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுகளை மிகாத திட்டம் என்பதாகும். தொடர்ச்சிக்கே மூன்றாண்டு எல்லை! இரண்டு வயதில் சேர்ந்த பிள்ளை ஐந்து வயதில் வெளியேறும்போது திட்டமும் உடன் வெளியேறுகிறது. அப்போது தாயின் மடியிலிருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் மிஞ்சுவது பூட்டிய கதவே. ஒரு பிள்ளையின் மழலைப் பருவம் மூன்றாண்டுகளில் முடியலாம். ஓர் ஊரின் மழலைப் பருவம் முடிவதே இல்லை.

புதிய பெயரில் மீண்டும் விண்ணப்பிக்கலாமே என்பர். விதி அதைத் தடுக்கவில்லை, உண்மை. தடுப்பது கொடையாளரின் சலிப்பு. நேற்று பால்வாடி, இன்று மரம் நடுதல், நாளை திறன்மிகு வகுப்பறை. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். நிதியுதவி நின்றபின் இத்திட்டம் எவ்வாறு தன் காலில் நிற்கும்? தவழும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம் தன் காலில் நிற்கவேண்டுமாம். நாமும் வெட்கமின்றி, சுயஉதவிக் குழுவினர் ஊறுகாய் விற்று நடத்துவர் என்று எழுதிக் கொடுக்கிறோம். அந்த ஊறுகாய் எங்கும் விற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

வெளிநாட்டுக் கொடையின் நிலை இதனினும் சிக்கலானது. 1976இல் தொடங்கி 2010இல் மாற்றியமைக்கப்பட்ட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் புதிய திருத்தம் வந்தது. அதன்படி, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுக் கொடையை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்தளிக்கலாகாது. நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐம்பது என்றிருந்தது இருபதாகக் குறைந்தது. பணம் முதலில் புதுதில்லியிலுள்ள ஒரே வங்கிக் கிளையில்தான் வந்து சேரவேண்டும். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றது. கணக்குக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், பெரிய அமைப்பொன்று வாங்கிக் குப்பத்து மாதர் சங்கத்துக்குக் கைமாற்றிக் கொடுத்த வாய்க்கால் அடைபட்டது. கணக்கர் வைத்துக்கொள்ள வசதியுள்ளோர் பிழைத்தனர். அரிக்கேன் விளக்கின்கீழ்க் கணக்கு எழுதிய சிறியோர் காய்ந்தனர்.

சரி, அரசு இருக்கிறதே, அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்பவர்க்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். இருக்கிறது, அதை நாம் வணங்குகிறோம். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இம்மண்ணில் எத்தனை பிள்ளைகளை மண்ணுக்குள் போகாமல் காத்தன என்பதை நம் பாட்டிமார் அறிவர். தமிழகத்தில் 54,439 குழந்தைகள் மையங்கள் உள்ளன. எந்த அறக்கட்டளையும் கனவிலும் எட்டமுடியாத எண் இது. ஆனால் அங்கேயும் அதே நோய்தான். அப்பெண்களுக்குக் கொடுப்பதை ஊதியம் என்று சொல்லவே அரசுகள் கூசுகின்றன, மதிப்பூதியம் என்பர். மத்திய அரசு தன் பங்காக 2018 அக்டோபரில் உயர்த்திக் கொடுத்தது பணியாளர்க்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளர்க்கு 2,250 ரூபாய். மாநில அரசு மேலும் சேர்த்துத் தருகிறது என்பதனால்தான் அடுப்பு எரிகிறது. அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் அரசியலமைப்பின் 45ஆம் உறுப்பு முதலில் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை வாக்களித்தது. 2002இன் 86ஆம் திருத்தத்தால் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமையாயிற்று. ஆறுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கோ, அரசு முயலும் என்னும் நெறிமுறையே மிஞ்சிற்று. பேசத் தெரியாதவர்களின் உரிமை எப்போதும் கடைசியில்தான்!

மேலும், நேரம் என்று ஒன்று இருக்கிறது. மீன் ஏலம் விடியுமுன் நடக்கும். அங்கன்வாடி விடியுமுன் திறப்பதில்லை. தலைச்சுமையாக மீன் விற்கும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள்? பத்து வயதுப் பெண்பிள்ளையின் இடுப்பில் விடுவாள். அப்பெண்ணின் பள்ளி அன்றோடு போயிற்று. உள்நாட்டில் செங்கல் சூளைகளையும் அரிசி ஆலைகளையும் பாருங்கள். இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு ஊர்விட்டு ஊர் போகின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்துவிட்டது. சூளையோரம் வேப்பங்கிளையில் தொங்கும் சேலைத் தூளி அதை அறியவில்லை. மழை ஓய்ந்ததும் சூளைக்குப் போய், மழைக்கு முன் திரும்பும் குடும்பத்துக்குக் கட்டிடம் என்ன செய்யும்? கட்டிடம் நகராது. கையில் ஒரு பாய், ஒரு பானை, ஒரு கூடை விளையாட்டுப் பொருளோடு சூளைக்கே போகும் ஆயா ஒருத்தி வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு ஊதியம் தருவோம் என்று சொல்லும் அறக்கட்டளை அரிதினும் அரிது. கல் நாட்ட அவளிடம் சுவர் இல்லையே.

உழைக்கும் தாய்மாருக்கான காப்பகங்கள் எனத் தனித் திட்டம் 2006 முதல் ராஜீவ் காந்தி பெயரில் நடந்தது. 2017இல் செலவில் ஒரு பங்கை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று முறை மாறியபின் நாடெங்கும் பல ஆயிரம் காப்பகங்கள் மூடப்பட்டன. 2022 முதல் ‘பால்னா’ என்னும் புதிய பெயர் பூண்டிருக்கிறது. தூளிக்குப் பெயர் மாற்றுவது எளிது. ஆட்டுவதற்குக் கை வேண்டும்.

தொழிற்சாலைகளை நோக்கியும் ஒன்று கேட்கவேண்டும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த நிறுவனத்திலும் வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விரிவாக்கிற்று. அச்சட்டங்கள் புதிய தொகுப்புகளில் அடங்கியபின்னும் கடமை நீங்கவில்லை. தொலைவிலுள்ள குப்பத்தில் பால்வாடி திறந்து படம் எடுத்துக்கொள்பவர்களே, உங்கள் மதிலுக்குள் ஒப்பந்தக் கூலியாய்த் துடைக்கும் பெண்ணின் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? சட்டத்தின் கடனை முதலில் தீர்த்துவிட்டு, அறத்தின் கணக்கைப் பிறகு தொடங்கலாமே. நீதிக்குக் கொடுக்கவேண்டியதை இரக்கத்தின் பெயரால் கொடுக்கலாகாது என்பது நம் திருச்சபையின் சமூகப் படிப்பினை அறிந்தவர்க்குப் புதிய பாடம் அன்று.

கொடையாளரின் உள்நோக்கத்தை நாம் அளவுகடந்து ஆராய்வதாகச் சிலர் குறைகூறலாம். இல்லை. உள்நோக்கம் எதுவாயினும் ஆகட்டும். உரோமை நகரின் சான் லொரேன்சோ பகுதியில், 1907 ஜனவரி 6ஆம் நாள், அதே மூன்று இராஜாக்கள் திருநாளன்று, மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு இடமும் பணமும் கொடுத்தது ஒரு வீடுகட்டும் நிறுவனம். ஏன் கொடுத்தது? பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டுகளையும் புதுச் சுவர்களையும் பாழாக்கினர். பழுதுபார்க்கும் செலவைவிடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியை அமர்த்துவது மலிவு என்று கணக்குப் போட்டனர். அருளன்பு ஒன்றும் அங்கே வழிந்தோடவில்லை. ஆயினும் அவர்கள் அமர்த்தியது ஓர் ஆளை! அவள் அதே குடியிருப்பில் தங்கவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தனர். எந்நேரமும் தாய்மார் அவளை அணுக முடிந்தது. உலகம் முழுதும் பரவிய ஒரு கல்விமுறை அவ்விதம் பிறந்தது. 1939இல் அவ்வம்மையார் நம் அடையாற்றுக்கே வந்து தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததும் வரலாறு. உரோமையின் அக்கணக்கர்கள் சுவரைக் காப்பதற்காக ஆசிரியையை அமர்த்தினர். நம் வள்ளல்களோ ஆசிரியையைக் கைவிட்டுச் சுவரை எழுப்புகின்றனர்.

இளைஞர் திட்டங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல நமக்குப் பொறுமையில்லை. மூன்று மாதக் கணினிப் பயிற்சி, சான்றிதழ், பதாகை, ஒரே நிறத்தில் பனியன், மதியம் பிரியாணி. பயிற்சி முடித்த பிள்ளை மறுவாரம் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி நிறுத்தச் சீட்டுக் கிழித்துக் கொண்டிருக்கிறான். கோவளத்து மீனவ இளைஞர்கள் தம் கடலையே களமாக்கி அலைச்சறுக்கில் பெயர் பெற்றார்கள். கடலில் பிறந்தவனிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தொடங்கியதால் வந்த வெற்றி அது. மற்றபடி, கர்தினால் கார்டைன் தொடங்கிய இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் கூலிக்கார இளைஞனும் தன் சந்தாவைத் தானே கட்டினான் என்பதை நம் இளைஞர் பொறுப்பாளர்கள் அறியாதவர்கள் அல்லர். கைக்காசு போட்டவனுக்குத்தான் கேள்வி கேட்கும் துணிவு வரும். இன்று பனியனும் இலவசம், சிந்தனையும் இலவசம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம்மவரே கேட்கின்றனர். பார்க்கத்தான் வேண்டும், தீனி போடப்போவது நாமல்லவா! கொடுப்பவர் கட்டிடம்தான் தருவார் என்றறிந்தும் கட்டிடத்தை வாங்கி, நடத்த வழியின்றிப் பூட்டி, பிறகு அதையே கட்டணம் வாங்கும் ஆங்கில மழலையர் பள்ளியாக்கிய கதை நம் பங்குகளில் இல்லையா? பால்வாடிக்கு வந்த பிள்ளை வெளியே நிற்க, கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளை உள்ளே போவதை நாம் கண்டதில்லையா? கண்டும், திருவிழா மலரில் அதை வளர்ச்சி என்று எழுதினோம். 2002இல் செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாகியபோது நாம் பெற்றது ஆயரையும் எல்லையையும் மட்டுமன்று. இந்தக் கரையின் பிள்ளைகளுக்கு நேரடிப் பொறுப்பையும் பெற்றோம்.

பணத்துக்கு வழி? வழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது, வெளியே தேடுவானேன்? 1822இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில், பட்டு நெசவாளர் நடுவே, பொலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண் ஆளுக்கு வாரம் ஒரு செப்புக்காசு என்று தண்டி மறைபரப்புப் பணிக்கு உயிர் கொடுத்தார். 2022இல் திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது ஒரு பெருந்தொகையைக் கொடுத்ததற்காக அன்று. 1843இல் ஆயர் போர்பேன்-ஜான்சன் தொடங்கிய திருப்பாலத்துவ சபையில் பிள்ளைகள் நாளுக்கொரு செபமும் மாதத்துக்கொரு காசும் கொடுத்தனர். செர்மனியில் இன்றும் திருக்காட்சித் திருநாளையொட்டிச் சிறுவர் ஞானிகளின் வேடம் பூண்டு வீடுவீடாய்ப் பாடி, கதவில் சுண்ணக்கட்டியால் ஆசி எழுதி, உலகக் குழந்தைகளுக்காகக் காசு தண்டுகின்றனர். 1959 முதல் நாடு தழுவி நடக்கிறது. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடியரிசியும் இதுவேதான். இவை எவற்றிலும் மூன்றாண்டு எல்லை கிடையாது. சிறு காசு, ஆனால் நிற்காத காசு. ஊதியம் கொடுக்கத் தகுந்தது அத்தகைய காசு ஒன்றே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருநூறு குடும்பங்கள் கொண்ட நகர்ப்புறப் பங்கொன்றில் குடும்பத்துக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் இருபதாயிரம் ரூபாய். குப்பத்தில் ஓர் ஆசிரியைக்குப் பன்னிரண்டாயிரம், ஓர் ஆயாவுக்கு எட்டாயிரம். அதிகம் அன்று, போதாது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது வைகாசியிலும் வரும், ஐப்பசி மழையிலும் வரும், நான்காம் ஆண்டிலும் வரும். நகரத்துப் பங்கு ஒன்று கடற்கரைக் குப்பம் ஒன்றையோ சூளை ஒன்றையோ ஏற்றுக்கொள்வதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிள்ளைகள் எந்தச் சமயத்தவர் என்று கேட்கவும் வேண்டியதில்லை. பசியும் தூக்கமும் ஞானஸ்நானம் பார்த்து வருவதில்லை. தேர்ப்பவனிக்கும் வாணவேடிக்கைக்கும் ஒரே இரவில் எவ்வளவு எரித்தோம் என்பதைப் பங்குப் பேரவையின் கணக்கேட்டில் பார்த்துவிட்டு, நூறு ரூபாய் மிகையா என்று பொதுநிலையினராகிய நாமே சொல்வோம்.

அறக்கட்டளைகள் வேண்டாம் என்பதன்று நம் கட்சி. வரட்டும். கூரை ஒழுகினால் மாற்றித் தரட்டும், கிணறு வெட்டட்டும், ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளிக்கட்டும். அடுத்த விண்ணப்பப் படிவம் நம் மேசைக்கு வரும்போது, பணியாளர் ஊதியம் என்னும் கட்டத்தை முதலில் நிரப்புவோம். பத்தாண்டுகளுக்கு என்று நிரப்புவோம். அக்கட்டத்தை அடித்துவிட்டுக் கட்டிடத்துக்கு மட்டும் ஒப்புதல் வந்தால், நன்றிக் கடிதத்தோடு படிவத்தைத் திருப்பி அனுப்புவோம். கட்டிடம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் குப்பத்தில் உள்ளே கிடக்கும் வலைகளை எடுத்துக்கொள்ள மீனவர்கள் ஒரு நாள் அவகாசம் போதும் என்றார்கள். ஆசிரியையும் வரத் தயாராக இருக்கிறார். இம்முறை எத்தனை மாதத்துக்கு என்று மட்டும் கேட்டார்.